ஜார்ஜ் லான்ஸ்பரி அல்லது ஏழை நகரின் வரிக்கணக்கு

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர் போர்க்களத்தையோ அரசவையையோ தவச்சாலையையோ தம் கதைக்கு நிலைக்களனாகக் கொள்வது வழக்கம். நகர சபை மண்டபத்தை அங்ஙனம் கொள்வார் மிகச் சிலரே. அங்கே பேசப்படுவன சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, குழாய்த் தண்ணீர், வீட்டு வரி என்பன. ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவுத் திட்டம் படிக்கப்பெறும். எண்களின் வரிசையைக் கேட்டு அங்கத்தினருட் சிலர் கண்ணயர்தலும் உண்டு. வெளியே நிற்கும் பொதுமக்களோ, வரி ஏறிற்றா, இறங்கிற்றா என்னும் ஒன்றையே வினவிவிட்டு வீடு திரும்புவர்.

ஆயினும் அன்பர்களே, அவ்வெண்களின் உள்ளே ஓர் ஊராரின் சோறும் கூரையும் உயிரும் அடங்கியிருக்கின்றன. எவரிடம் எவ்வளவு வாங்குவது, எவருக்கு எவ்வளவு கொடுப்பது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை கூறுவதே வரவு செலவுத் திட்டம். வரி கொள்ளும் முறையை, வயலிற் புகுந்த யானையைக் காட்டிப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அறிவுறுத்திய செய்தி புறநானூறு கற்றார் அறிந்ததே. அன்று அறிவுரை பெற்றவன் அரசன். மக்களே சபை கூட்டித் தமக்குத் தாமே வரி விதித்துக்கொள்ளும் இக்காலத்தில் அவ்வறிவுரை நகர சபை அங்கத்தினர் ஒவ்வொருவர்க்கும் உரியதாகின்றது.

இவ்வுண்மையை நூலால் அன்றித் தம் வாழ்க்கையால் விளக்கியவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியில், துறைமுகத் தொழிலாளர் நிறைந்த பாப்லர் என்னும் ஏழை நகரில் வாழ்ந்த ஜார்ஜ் லான்ஸ்பரி என்பவரே அவர். நகர சபையின் வரித் தீர்மானம் ஒன்றின் பொருட்டு, தம் மகனோடும் மருமகளோடும் தோழர் பலரோடும் சிறை புகுந்தவர் அவர். அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்துகொள்ளுமாறு ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

லான்ஸ்பரியார் 1859-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், இங்கிலாந்தின் கீழ்க்கரையை அடுத்த சஃபோக் என்னும் பகுதியில், ஹேல்ஸ்வொர்த் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதை அமைக்கும் வேலையிற் சிறு உத்தியோகம் பார்த்தவர். பாதை நீள நீள வேலையும் இடம் பெயரும். வேலை பெயரும் இடமெல்லாம் குடும்பமும் பெயரும். இவ்வாறு அலைந்த குடும்பம் 1868-ஆம் ஆண்டளவில் கிழக்கு இலண்டனை அடைந்து நிலைத்தது.

பள்ளிப் படிப்பு அவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. இளைஞராயிருந்தபோதே சகோதரரோடு கூடி, இரயில்வே கம்பெனிக்கு நிலக்கரி ஏற்றி இறக்கும் ஒப்பந்த வேலையை மேற்கொண்டார். 1880-இல் எலிசபெத் பிரைன் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையாரின் தந்தையார் மரம் அறுக்கும் ஆலை ஒன்றை நடத்தி வந்தவர்.

அக்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறுவோர்க்கு வேலையும் வளமும் காத்திருக்கின்றன என்று இங்கிலாந்தெங்கும் விளம்பரம் செய்யப்பட்டு வந்தது. அதை நம்பி 1884-இல் மனைவியோடும் குழந்தைகளோடும் கப்பலேறிய லான்ஸ்பரியார் குவீன்ஸ்லாந்தை அடைந்தார். அங்கே கண்டது வேறு. வேலை தேடி நாட்கணக்காய் அலைந்தார். கல்லுடைத்துக் கூலி பெற்றார். கிடைத்த வேலை எதனையும் இழிவென்று தள்ளாமற் செய்தார். ஓராண்டு துன்புற்ற பின் மாமனார் அனுப்பிய பொருளைக் கொண்டு 1885-இல் தாயகம் திரும்பி, அவருடைய ஆலையிலேயே வேலைக்கு அமர்ந்தார்.

திரும்பியவர் வாளாவிருக்கவில்லை. தம்மைப்போல் பிறரும் ஏமாறலாகாது என்று கருதி, ஊர்தோறும் மேடையேறிக் குடியேற்ற விளம்பரங்களின் பொய்மையை எடுத்துரைத்தார். பொதுவாழ்விற்கு அவர் இட்ட முதலடி இதுவே. உழைக்க விரும்பும் ஒருவனுக்கு உழைப்புக் கிடையாத நிலை எத்தகையது என்பதை அவர் பிறர் வாய்க் கேட்டு அறிந்தவரல்லர். பிற்காலத்தில், வேலையற்றோர் சோம்பேறிகள் என்று சபையிற் பேசினோர்க்கு அவர் அஞ்சாது மறுமொழி கூறியதற்கு இவ்வநுபவமே காரணமாகும்.

ஏழையர் விடுதி

1893-ஆம் ஆண்டில் லான்ஸ்பரியார் பாப்லரின் ஏழைப் பாதுகாவலர் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையின் இயல்பை அறிந்தாலன்றிப் பின்வரும் வரலாறு விளங்காது. 1834-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஏழையர் சட்டத்தின்படி, வாழ வழியற்றோர்க்குப் பொதுச் செலவில் உதவி அளிக்கும் கடமை அந்தந்தப் பகுதியின் பாதுகாவலரைச் சார்ந்தது. ஆனால் அவ்வுதவியை நாடி ஒருவரும் விரும்பி வாராவண்ணம், ஏழையர் விடுதியின் வாழ்க்கை வெளியிலுள்ள மிகத் தாழ்ந்த கூலிக்காரனின் வாழ்க்கையினும் கீழ்ப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம் வகுத்தோரின் நோக்கம். கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டனர். குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். அனைவரும் ஒரே வகையான விடுதி உடையை அணிய வேண்டியிருந்தது.

லான்ஸ்பரியார் விடுதிக்குட் சென்று கண்ட காட்சி அவரை நடுங்கச் செய்தது. முதியோர்க்கு வார்க்கப்பட்ட கஞ்சி மனிதர் உண்ணும் தரத்ததாக இல்லை. அவர் அதைச் சபையில் எடுத்துரைத்து வாதாடினார். வில் குரூக்ஸ் என்னும் தொழிலாளர் தலைவரும் உடன் நின்றார். நாளடைவில் உணவு திருந்தியது. இழிவுக் குறியாயிருந்த உடை நீங்கியது. குழந்தைகள் நகரத்துப் புகையினின்றும் நீக்கப்பட்டு நாட்டுப்புறத்துப் பள்ளியிற் கல்வி பெறலாயினர்.

இவையெல்லாம் பொருட்செலவின்றி நடப்பனவல்லவே. செலவு மிகுந்தது; வரியும் மிகுந்தது. பாப்லரின் பாதுகாவலர் ஊதாரிகள் என்னும் கூக்குரல் எழுந்தது. 1906-இல் அரசாங்கம் ஒரு விசாரணையும் நடத்திற்று. அதே காலத்தில், 1905 முதல் 1909 வரை, ஏழையர் சட்டத்தை ஆராய்ந்த அரசாங்கக் கமிஷனில் லான்ஸ்பரியாரும் ஓர் அங்கத்தினராக வீற்றிருந்தார். வறுமையை ஒருவனது குற்றமாகக் கருதும் அச்சட்டத்தையே நீக்கல் வேண்டும் என்று பியாட்ரிஸ் வெப் அம்மையாரோடு சேர்ந்து சிறுபான்மையோர் அறிக்கையில் அவர் கையொப்பமிட்டார்.

1910-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் பார்லிமெண்டு அங்கத்தினரானார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் கொள்கையை முன்னிட்டு 1912-இல் தம் பதவியைத் தாமே துறந்து மீண்டும் தேர்தலுக்கு நின்று தோற்றார். அடுத்த ஆண்டு அக்கிளர்ச்சியிற் பேசிய பேச்சுக்காகச் சிறையிலடைக்கப்பட்டு, உண்ணாவிரதம் பூண்டு சில நாளில் விடுதலை பெற்றார். அதன் பின்னர் டெய்லி ஹெரால்டு என்னும் பத்திரிகையின் ஆசிரியராயிருந்து தொழிலாளர்க்காக எழுதி வந்தார். பதவியைக் காட்டிலும் கொள்கையைப் பெரிதென மதிப்பவர் என்பது அன்றே யாவர்க்கும் புலனாயிற்று.

நகர சபையின் தலைமை

1919-ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்ற நகர சபைத் தேர்தலில் பாப்லரின் 42 இடங்களுள் 39 இடங்களைத் தொழிற்கட்சியார் கைப்பற்றினர். துறைமுகக் கூலிகள், இரயில்வே ஊழியர், கைத்தொழிலாளர் முதலியோர் அங்கத்தினராய் அமர்ந்த அச்சபைக்கு லான்ஸ்பரியார் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்கட்சியைச் சேர்ந்த முதல் பாப்லர் மேயர் அவரே.

புதிய சபை காலந்தாழ்த்தாது வேலையில் இறங்கிற்று. வீடுகள் கட்டத் திட்டமிடப்பட்டது. தாய் சேய் நலத்திற்கும் காசநோய்ச் சிகிச்சைக்கும் ஏற்பாடுகள் பெருகின. நகர சபைத் தொழிலாளர் எவர்க்கும் வாரம் நான்கு பவுனுக்குக் குறையாத கூலி, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி அளிக்கப்பட்டது. சம வேலைக்குச் சமக் கூலி என்பதை மேடையிற் பேசியவர் பலர் இருந்த காலத்தில், பாப்லர் சபையார் அதனைத் தம் வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதிவிட்டனர்.

அப்பொழுது நாட்டின் நிலை மாறியது. முதல் உலகப் போரை அடுத்து வந்த வாணிகச் செழிப்பு 1920-ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் சரிந்தது. 1921-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை இருபது லக்ஷத்திற்கு மேற்பட்டது. கப்பல்கள் குறைந்தால் துறைமுகக் கூலிக்கு வேலை ஏது? பாப்லரில் வேலையற்றோர் திரள் திரளாகப் பாதுகாவலர் சபையின் வாயிலில் வந்து நின்றனர். அவர்களுக்கு உதவும் செலவு முழுவதும் பெரும்பாலும் பாப்லர் நகர மக்களின் வரியிலிருந்தே வரவேண்டியிருந்தது. இங்கேதான் சிக்கல் தொடங்கியது.

சமமான வரியின் சமமின்மை

இச்சிக்கலை அன்பர்கள் நன்கு உணருமாறு ஒரு கணக்கால் விளக்குவோம். இங்கிலாந்தில் வீட்டு வரி, வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு விதிக்கப்பட்டது. ஒரு பவுன் மதிப்புக்கு இத்தனை ஷில்லிங், இத்தனை பென்னி என்று ஆண்டுதோறும் சபை தீர்மானிக்கும். நம் நாணயத்தில் வைத்து இரண்டு பேட்டைகளைக் கற்பித்துக் கொள்வோம். ஏழைப் பேட்டையின் வீடுகளுக்கெல்லாம் மொத்த மதிப்பு ஒரு லக்ஷம் ரூபாய். செல்வப் பேட்டையின் மதிப்போ பத்து லக்ஷம் ரூபாய். இரண்டும் தத்தம் ஏழைகளுக்காகப் பத்தாயிரம் ரூபாய் செலவிடுவதாகக் கொண்டால், ஏழைப் பேட்டையார் நூற்றுக்குப் பத்து வரி செலுத்தல் வேண்டும். செல்வப் பேட்டையார்க்கு நூற்றுக்கு ஒன்றே போதும். நூறு ரூபாய் மதிப்புள்ள குடிசையில் இருப்பவனும் பத்து ரூபாய் கொடுக்கின்றான். ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள மாளிகையில் இருப்பவனும் அதே பத்து ரூபாய் கொடுக்கின்றான்.

உண்மையில் நிலைமை இதனினும் கொடியது. செல்வப் பேட்டையில் உதவி நாடும் ஏழைகள் சிலரே. ஏழைப் பேட்டையிலோ பலர். ஆகவே எங்கே தேவை மிகுதியோ அங்கே கொடுப்பார் வலிமை குறைவு. எங்கே வலிமை மிகுதியோ அங்கே தேவை குறைவு. கப்பலிலிருந்து சரக்கு இறக்கிய தொழிலாளி பாப்லரிற் குடியிருந்தான். அச்சரக்கால் ஆதாயம் பெற்றவரிற் பலர் நகரின் மேல்பகுதியிற் குடியிருந்தனர். வேலை நின்ற நாளில் தொழிலாளியைக் காக்கும் பொறுப்பு, அவனைப்போலவே வறுமையுற்ற அடுத்த வீட்டானைச் சார்ந்தது. இதனைச் சிறிதளவேனும் சமன் செய்யும் பொருட்டு இலண்டன் முழுமைக்கும் ஏழையர் பொது நிதி ஒன்று 1867-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டிருந்தது. ஆனால் விடுதிக்கு வெளியே தத்தம் வீட்டில் இருப்போர்க்கு அளிக்கும் உதவியின் பெருஞ்செலவை அது தாங்கவில்லை.

இதன்மேல் வேறொரு சுமையும் இருந்தது. இலண்டனின் ஒவ்வொரு நகர சபையும் தன் செலவுக்கேயன்றி, இலண்டன் கௌண்டி சபை, தொற்றுநோய் மருத்துவ நிலையங்களை நடத்தும் சபை, குடிநீர்ச் சபை, போலீஸ் ஆகிய நான்கிற்கும் உரிய பங்கையும் வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுத்தல் வேண்டும்.

மூன்று வழிகள்

1921-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் பாப்லர் சபையார் தம் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்துச் சிந்தித்தபோது அவர்களுக்கு மூன்று வழிகளே தென்பட்டன. ஏழைகளுக்கு அளிக்கும் உதவியையும் தொழிலாளர் கூலியையும் குறைத்தல் ஒன்று. வரியை மேலும் உயர்த்துதல் மற்றொன்று. ஆனால் பாப்லரில் வரி பெரும்பாலும் வாடகையோடு சேர்ந்தே வசூலிக்கப்பட்டமையால், அவ்வுயர்வு வேலையின்றி வாடும் குடும்பங்களின் தலையிலேயே விழும். மூன்றாவது வழி இதுகாறும் எவரும் துணியாதது. வெளிச் சபைகளுக்கு உரிய பங்கை வசூலியாது விட்டுவிடுதலே அது.

மார்ச்சு மாதத்தில் சபை மூன்றாம் வழியைத் தேர்ந்தது. நகரின் சொந்தச் செலவுக்கும் ஏழைகளின் உதவிக்கும் வேண்டிய வரியை மட்டும் விதித்து, ஏனைய பங்குகளை விதியாது நிறுத்திற்று. வரிச்சுமை இலண்டன் முழுமைக்கும் நியாயமாகப் பகிரப்படும் வரையில் இந்நிலையினின்றும் மாறுவதில்லை என்று உறுதி பூண்டது.

இச்செயல் குற்றமற்றதென்று அனைவரும் ஒப்பினாரல்லர். மறுதரப்பாரின் கூற்றையும் நடுவு நின்று கேட்டல் நம் கடமை. மருத்துவ நிலையமும் குடிநீரும் பாப்லர் மக்களுக்கும் பயன்படுவன. அவற்றிற்குரிய பங்கு எல்லா நகரங்கட்கும் மதிப்பின் வீதத்திலேயே விதிக்கப்பட்டது. ஒரு சபை தனக்கு ஒவ்வாத சட்டத்தை மீறலாமாயின், நாளை செல்வர் நிறைந்த சபையும் தனக்கு ஒவ்வாததை மீறாதா? இவ்வாறு கேட்டவர்கள் எதிர்க்கட்சியினர் மட்டுமல்லர். அண்டை நகரமாகிய ஹாக்னியின் தொழிற்கட்சித் தலைவர் ஹெர்பர்ட் மாரிஸனும், சட்டத்தை மீறுவோர் கையில் ஆட்சியை ஒப்படைக்க மக்கள் அஞ்சுவர் என்று கருதி இவ்வழியை எதிர்த்தார். அவர் அச்சம் வெறும் கோழைமையன்று. ஆளும் தகுதியைப் பெற விழையும் கட்சி ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டிய பொருளே அது.

லான்ஸ்பரியாரும் அவர் தோழரும் கொண்ட கருத்தோ வேறு. விண்ணப்பங்களும் தூதுகளும் ஆண்டுக்கணக்காய்ப் பயன் தரவில்லை. இனியும் காத்திருப்பின் பசித்த குழந்தைகள் காத்திரா என்று அவர்கள் நினைத்தனர். சட்டத்தை மீறுவதன் தண்டனையைப் பிறர் தலையிற் போடாது தாமே ஏற்பது என்றும் முடிவு செய்தனர். அம்முடிவுதான் அவர்களை வரி ஏய்ப்பாரினின்றும் வேறுபடுத்தியது. மறைவாக வரி கொடாதவன் தன் பையைக் காக்கின்றான். அவர்களோ வெளிப்படையாய் அறிவித்துவிட்டுத் தம் உடலைத் தண்டனைக்கு ஒப்புவித்தனர்.

சிறைவாசம்

கௌண்டி சபை உயர்நீதிமன்றத்தை நாடியது. 1921-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், விசாரணைக்குச் செல்லும் பாப்லர் அங்கத்தினர் வண்டியேறிச் செல்லவில்லை. செங்கோல் தாங்குவோன் முன் நடக்க, மேயர் தம் பதவிச் சங்கிலியை அணிந்துவர, வாத்தியம் முழங்க, கொடிகளுடன் மக்கள் பின்தொடர, நகரிலிருந்து நீதிமன்றம் வரை நடந்தே சென்றனர். நீதிமன்றத்துக்கும் ஒருவேளை சிறைக்கும் செல்கின்றோம் என்று ஒரு பெருந்துணியில் எழுதித் தாங்கிச் சென்றனர்.

நீதிமன்றம் சட்டத்தின்படியே தீர்ப்பளித்தது. வரியை விதிக்குமாறு பிறந்த ஆணைக்கு அவர்கள் பணியாமையால், செப்டம்பர் மாதத் தொடக்கத்திற் கைது செய்தல் ஆரம்பமாயிற்று. மொத்தம் 30 அங்கத்தினர் சிறை புகுந்தனர். ஆடவர் பிரிக்ஸ்டன் சிறைக்கும் பெண்டிர் ஹாலோவே சிறைக்கும் கொண்டுபோகப்பட்டனர். அப்பொழுது லான்ஸ்பரியாருக்கு வயது 62. அவர் மகன் எட்கரும், எட்கரின் மனைவி மின்னியும் சிறைப்பட்டோருள் அடங்குவர். நெல்லி கிரெஸ்ஸால் என்னும் அம்மையார் கருவுற்றிருந்த நிலையிற் சிறை சென்றார். அரசாங்கம் அவரை முன்னதாகவே விடுவிக்க நேர்ந்தது.

சிறையிலும் நகர சபையின் கடமை நின்றுவிடவில்லை. சபைக் கூட்டத்தைச் சிறைக்குள்ளேயே நடத்த அனுமதி வேண்டும் என்று வற்புறுத்திப் பெற்றனர். ஹாலோவேயிலிருந்த பெண் அங்கத்தினர் மோட்டார் வண்டியிற் பிரிக்ஸ்டனுக்கு அழைத்து வரப்பட்டனர். மதிற்சுவருக்குள் கைதிகளாகிய அங்கத்தினர் நிகழ்ச்சிக் குறிப்பை வைத்துக்கொண்டு நகர அலுவல்களை ஆராய்ந்த காட்சி, நகராட்சி வரலாற்றிற் காண்டற்கரியது. வெளியே நாள்தோறும் மக்கள் திரண்டு வந்து பாடினர்; லான்ஸ்பரியார் சிறைச் சாளரத்தினின்றும் அவர்களோடு பேசினார். பெத்னல் கிரீன், ஸ்டெப்னி என்னும் அண்டை நகர சபைகளும் பாப்லரின் வழியைப் பின்பற்றத் தீர்மானித்தன.

இனி அரசாங்கத்திற்குச் சங்கடமாயிற்று. முப்பது பேரைச் சிறையில் வைத்தால் வரி வசூலாவதில்லை. மேலும் சிலரை அடைத்தால் ஊர்கள் பல சபையின்றிப் போம். அக்டோபர் 12-ஆம் நாள், வரிச்சுமையைப் பற்றி ஆராயும் மாநாட்டிற் கலந்துகொள்ளும் பொருட்டு அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஆறு வாரச் சிறைவாசம் முடிந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, விடுதிக்கு வெளியே அளிக்கப்படும் ஏழையர் உதவியின் செலவையும் இலண்டன் பொது நிதியைச் சாரச் செய்தது. செல்வ நகரங்கள் பங்களிக்க, ஏழை நகரங்களின் சுமை இறங்கிற்று.

வெற்றியின் விலை

இவ்வெற்றி விலையின்றிக் கிடைத்ததன்று. மருமகள் மின்னி லான்ஸ்பரி, சிறையினின்றும் மீண்ட சில வாரங்களில் நோயுற்று, 1922-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் 32 வயதிற் காலமானார். சிறைவாசமே அவர் உடலை மெலிவித்தது என்று பாப்லர் மக்கள் நம்பினர். அவர் நினைவாக அமைந்த கடிகாரம் பிற்காலத்திற் போ வீதியில் நிறுவப்பட்டது. புத்தாண்டு நாளில் மருமகளை இழந்த மாமனாரின் துயரத்தை எந்தச் சட்டம் ஈடு செய்ய வல்லது?

கூலியின் வகையிலும் சபையார் முட்டுப்பட நேர்ந்தது. விலைவாசி இறங்கிய பின்னரும் நான்கு பவுன் கூலியைக் குறையாது கொடுத்தமை வரி செலுத்துவோர்க்குச் செய்த தீங்கு என்று கணக்காய்வாளர் கருதி, 5,000 பவுனை அங்கத்தினரே ஈடு செய்தல் வேண்டும் என்றார். 1925-ஆம் ஆண்டில் நாட்டின் மேல் நீதிமன்றமாகிய பிரபுக்கள் சபையும் அதனை உறுதி செய்தது. நகர சபையினர் கையாளும் பொருள் தமதன்று, பிறரால் நம்பி ஒப்படைக்கப்பட்டது என்பது அத்தீர்ப்பின் சாரம். அறிஞர் பலர் அத்தீர்ப்பைக் கண்டித்தனர், பலர் போற்றினர். எங்ஙனமாயினும், இரக்கமுடைய சபையும் தன் செலவுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்னும் பகுதியை மறுத்தல் இயலாது. இரக்கமும் கணக்கும் தம்முள் பகையல்ல. ஒன்றின்றி மற்றொன்று நில்லாது.

பிற்கால வாழ்க்கை

1922-இல் லான்ஸ்பரியார் மீண்டும் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1929 முதல் 1931 வரை மந்திரியாயிருந்து பொதுக் கட்டடங்களையும் பூங்காக்களையும் மேற்பார்த்த காலத்தில், இலண்டனின் ஹைடு பூங்காவிலுள்ள ஏரியில் ஆண் பெண் குழந்தைகள் அனைவரும் நீராடுவதற்கு இடம் அமைத்தார். அது 1930-இல் திறக்கப்பட்டது. அவர் நெடுநாள் எதிர்த்த ஏழைப் பாதுகாவலர் சபை முறையும் 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு 1930-இல் மறைந்தது.

நம் நாட்டின்பால் அவர் கொண்டிருந்த அன்பையும் இங்கே குறித்தல் தகும். சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசண்டு அம்மையார் முயன்று உருவாக்கிய இந்திய சுயஆட்சி மசோதாவை 1925-ஆம் ஆண்டில் பார்லிமெண்டிற் கொண்டுவந்தவர் லான்ஸ்பரியாரே. 1931-இல் வட்டமேஜை மாநாட்டிற்குச் சென்ற காந்தியடிகள் செல்வர் வாழும் மேற்குப் பகுதியை விடுத்துத் தங்கிய கிங்ஸ்லி மண்டபமும் பாப்லர் நகரின் எல்லைக்குள்ளே இருந்ததுதான். சிறை புகுந்த நகர சபையின் தெருக்களில் அடிகள் காலை நேரங்களில் உலவினார் என்பதை நினைக்குந்தோறும் உள்ளம் மகிழ்கின்றது.

1931-ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சி பெருந்தோல்வி அடைந்த பின்னர், எஞ்சிய சிலரைத் திரட்டிக் கட்சிக்குத் தலைமை தாங்கி உயிர்ப்பித்தவர் அவரே. போரை எக்காரணத்தாலும் ஒப்பாத கொள்கையால் 1935-இல் தலைமையைத் துறந்தார். 1937-இல் ஹிட்லரையும் முஸோலினியையும் நேரிற் கண்டு சமாதானம் பேசினார். அவர்களை நம்பியதில் அவர் ஏமாந்தார் என்பதை மறைத்தல் உண்மைக்கு மாறாகும். தம் உள்ளத்தின் தூய்மையைப் பிறர் உள்ளத்திலும் காண முயலும் நல்லோர்க்கு நேரும் பிழை அது. இரண்டாம் உலகப் போர் மூண்டு நடந்துகொண்டிருந்த 1940-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், 81-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். அவர் வாழ்ந்த இல்லமும் சிறிது காலத்தில் விமானக் குண்டுகளால் அழிந்தது. போரின் பின்னர்ப் பாப்லரில் எழுந்த ஏழை மக்கள் குடியிருப்புக்கு லான்ஸ்பரி என்றே பெயரிட்டனர். அது 1951-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் விழாவில் ஒரு கண்காட்சியாகவும் விளங்கியது. பாப்லர் நகர சபை 1965-இல் அண்டைச் சபைகளோடு இணைந்து மறைந்தது.

நாம் கொள்ளத்தக்கது

லான்ஸ்பரியார் செய்தது போலவே எல்லா நகர சபையாரும் செய்தல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. வரியை மறுத்துச் சிறை புகுதல் ஒரு காலத்துக்கும் ஓர் இடத்துக்கும் உரிய கடைசி மருந்து. அதனை நாள்தோறும் உண்ணும் உணவாகக் கொள்ளலாகாது. ஆனால் அவர் வரலாற்றினின்றும் எக்காலத்தும் எவரும் கொள்ளத்தக்கன சில உள்ளன.

வரியின் வீதத்தை மட்டும் நோக்காது, அது இறுதியில் யார் தோளில் இறங்குகின்றது என்பதை நோக்குதல் முதலாவது. வீட்டுக்காரர் பெயரில் விதிக்கும் வரி வாடகைக்காரர் கையிலிருந்து போதலும், வீதி ஒன்றென எழுதப்பட்ட வீதம் இரண்டு வீட்டில் இரண்டு பாரமாதலும் கணக்கேட்டைப் புரட்டுவார்க்கன்றிப் புலப்படா. செலவைக் குறைக்க வேண்டிய நாளில் வாயற்றவர் பங்கை முதலிற் குறைக்கும் வழக்கத்தை விடுதல் இரண்டாவது. வாயுள்ளவர் சபைக்கு வந்து முறையிடுவர். விடுதியிற் கஞ்சி குடிக்கும் முதியவள் வாராள். ஒரு கொள்கைக்காகப் பிறரைத் துன்பத்தில் நிறுத்தாது, முதலில் தாம் நிற்பது மூன்றாவது.

நம் அன்பர்களிற் சிலர் நகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் அங்கத்தினராய் இருத்தல் கூடும். பலர் வரி செலுத்துவோர். அனைவரும் அவ்வரியாற் கிடைக்கும் குடிநீரைப் பருகுவோர். தம் ஊரின் வரவு செலவுத் திட்டம் வெளிவரும்போது, வரி ஏறிற்றா இறங்கிற்றா என்னும் கேள்வியோடு அமையாது, அதை ஒருமுறையேனும் வாங்கி முழுதும் படித்தல் வேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டலாம். குப்பை வண்டிக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, மருத்துவத்துக்கு எவ்வளவு என்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூற முயல்வோமாயின், நம் ஊரை நாமே புதிதாய் அறிவோம். நிலக்கரி இறக்கியும் கல்லுடைத்தும் பிழைத்த ஒருவர் நகர சபைக் கணக்கை அங்ஙனம் படித்தார். அதனால் ஒரு மாநகரின் சட்டம் மாறிற்று. ஏழையர் பலர் வீட்டில் அடுப்பு எரிந்தது.